டிராயரில் தூங்கும் போனை எழுப்பலாமா பாஸ்?

உங்க வீட்டு டி.வி. ஸ்டாண்டு டிராயரை ஒரு தடவை இழுத்துப் பாருங்க. முடிஞ்சுபோன கேஸ் புக், ரிமோட்டோட பின்மூடி, எதுக்குன்னே தெரியாத ரெண்டு சாவி, சுருட்டி வெச்ச சார்ஜர் வயர்... எல்லாத்துக்கும் அடியில் ஒரு ஸ்மார்ட்போன் கிடக்கும். ஓரத்தில் ஒரு கீறல் இருக்கும், மத்தபடி ஆள் நல்லாத்தான் இருப்பார். சார்ஜ் போட்டா உயிர் வரும். ஆனா எந்த ஆப்பைத் தொட்டாலும் 'உங்கள் போனுக்கு இது பொருந்தாது' என்று கையை விரித்துவிடும்.

எங்க ஹாஸ்டல் ரூமில் அப்படி ஒன்று டிராயரில் இல்லை, பாக்கெட்டிலேயே இருந்தது. என் ரூம்மேட்டின் ரெட்மி நோட் 4. அவன் அக்கா கல்யாணமாகிப் போகும்போது "நீ வெச்சுக்கோடா" என்று கொடுத்துவிட்டுப் போன போன். அவனிடம் இருந்த ஒரே போனும் அதுதான்.

2017 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்து சக்கைப்போடு போட்ட மாடல் அது. 9,999 ரூபாயில் ஆரம்பித்த விலை, ஸ்னாப்டிராகன் 625 பிராசஸர், 4100 எம்.ஏ.ஹெச். பேட்டரி. வரும்போது ஆண்ட்ராய்டு 6. அப்புறம் 7-க்கு அப்டேட் ஆச்சு. அவ்வளவுதான், கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. மேலே பூசின எம்.ஐ.யு.ஐ. மட்டும் 11 வரை வந்தது. சட்டை புதுசு, உள்ளே உடம்பு அதே 7.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். 2023 கடைசியில் குரோம் பிரவுசர் 119-வது பதிப்போடு ஆண்ட்ராய்டு 7-க்கு டாட்டா காட்டியது. அடுத்த அடி 2024 செப்டம்பர் 30. இணையதளங்களில் பூட்டுப் படம் தெரியுமே, அதுக்கு ஒரு சான்றிதழ் வேணும். உலகத்தில் ஏகப்பட்ட தளங்களுக்கு அதை இலவசமாகக் கொடுப்பது 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு. அவங்களுடைய மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தின போன்களுக்கு அடையாளமே தெரியாது. அதுவரைக்கும் ஒரு ஒட்டு வேலை செய்து சமாளித்தார்கள். அன்றோடு அந்த ஒட்டும் பிரிந்தது. போனுக்குள் இருக்கும் சான்றிதழ் பட்டியலை நம்பி ஓடுகிற பழைய ஆப்கள் பல 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று முரண்டு பிடிப்பது இதனால்தான்.

கவனிச்சீங்களா? பிராசஸர் கெட்டுப்போகலை, ஸ்கிரீன் உடையலை, பேட்டரி கூட ஒரு நாள் தாங்குது. சாப்ட்வேர் மட்டும் சீனியர் சிட்டிசன்!

ஹவுஸ் ஓனர் வெள்ளையடிக்க மாட்டேன் என்றால் நாமே சுண்ணாம்பு வாங்கி அடிப்பதில்லையா? அதுதான் கஸ்டம் ரோம். ஆண்ட்ராய்டின் மூல நிரலை கூகுள் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னலும் திறந்த நிரல்தான். அதை மாற்றிப் போனில் போட்டு விற்கும் கம்பெனி, அந்த மாற்றங்களையும் வெளியிட வேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. இந்த ரெண்டையும் எடுத்து, குறிப்பிட்ட ஒரு மாடலுக்குப் பொருந்துகிற மாதிரி யாரோ தன்னார்வலர்கள் ராத்திரி கண் விழித்துத் தைத்துக் கொடுக்கிறார்கள். சம்பளம் கிடையாது. நோட் 4-க்கு ஆண்ட்ராய்டு 13 வரைக்கும், அதுக்கு மேலேயும் ரோம்கள் வந்தாச்சு. 7 எங்கே, 13 எங்கே!

ஒரு எஸ்.எம்.எஸ். செய்த வேலை

இந்தக் கதை எப்படி ஆரம்பிச்சது தெரியுமா? கேட்டால் சிரிப்பீங்க. உலகின் முதல் ஆண்ட்ராய்டு போன் 2008-ல் அமெரிக்காவில் வந்த ஜி1. எச்.டி.சி. தயாரிப்பு, கீபோர்டு இழுத்து நீட்டுகிற மாதிரி இருக்கும். ஒருத்தர் தன் தோழியோடு மெசேஜில் பேசிக்கொண்டிருந்தார். "ஏன் பதிலே காணோம்?" என்று தோழி கேட்க, போனை ரீபூட் செய்ததைச் சொல்ல நினைத்து 'ரீபூட்' என்று டைப் அடித்தார். போன் நிஜமாகவே ரீபூட் ஆகிவிட்டது!

மேட்டர் என்னவென்றால், நாம் டைப் செய்யும் ஒவ்வொரு எழுத்தும் திரைக்குப் பின்னால் இன்னொரு இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. அங்கே சர்வ அதிகாரமும் உள்ள ஒரு கட்டளைச் சாளரத்தை யாரோ மூட மறந்திருந்தார்கள். வாசல் கதவுக்குப் பெரிய பூட்டு, கொல்லைக் கதவு ஆவென்று திறந்து கிடந்த கதை. 2008 நவம்பரில் விஷயம் வெளியே வந்ததும் கூகுள் அவசரமாக அடைத்தது. அதுக்குள் நம்ம மாதிரி ஆட்கள் உள்ளே புகுந்து, போனை முழுசாகத் தங்கள் கைக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

அதில் ஒருவர் ஸ்டீவ் கோண்டிக். 2009-ல் அவர் ஆரம்பித்த சயனோஜென்மாட் தான் அப்போதைக்கு சூப்பர் ஸ்டார். அந்த செப்டம்பரிலேயே கூகுளிடமிருந்து வக்கீல் கடிதம் வந்தது. 'ஆண்ட்ராய்டு எல்லாருக்கும் பொது. ஆனா ஜிமெயில், மேப்ஸ் எல்லாம் எங்க சொத்து, அதைச் சேர்த்துக் கொடுக்காதே.' இன்றைக்கு நீங்கள் ரோம் ஒரு ஃபைல், கூகுள் ஆப்கள் தனி ஃபைல் என்று ரெண்டு தடவை டவுன்லோடு செய்கிறீர்களே, அந்த வம்பின் வாரிசு இது.

அப்புறம் கோண்டிக் கம்பெனி ஆரம்பித்தார். 2014-ல் வந்த ஒன்பிளஸ் ஒன் போன் இவங்க சாப்ட்வேரோடுதான் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் மட்டும் அந்த சாப்ட்வேர் உரிமை மைக்ரோமேக்ஸுக்கு என்று தனி ஒப்பந்தம் போட, அதே டிசம்பரில் கேஸ் டெல்லி ஹைகோர்ட் வரை போனது. ரெண்டு வருஷத்தில் கம்பெனியே இழுத்து மூடியாச்சு. 2016 டிசம்பரோடு சயனோஜென்மாட் கதை முடிந்தது. ஆனா நிரல் பொதுவில் இருக்கே! அதை எடுத்து உடனே லினியேஜ் ஓ.எஸ். என்று புதுப் பெயரில் ஆரம்பித்தார்கள். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, நம்ம ரூமுக்கு வருவோம்.

முயலுக்குத் தொப்பி, எனக்கு பல்பு

முதல் வேலை பூட்லோடரைத் திறப்பது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுந்து, 'உள்ளே இருப்பது கம்பெனி கையெழுத்து போட்ட சாப்ட்வேர்தானா?' என்று செக் பண்ணும் வாட்ச்மேன் அவர். இல்லை என்றால் உள்ளே விட மாட்டார். இவரைச் சமாதானப்படுத்தும் வழி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சிலர் தங்கள் தளத்தில் கோடு கொடுப்பார்கள், சிலர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். எனவே முதலில் உங்கள் மாடலுக்கு வழி இருக்கா என்று பாருங்க, அப்புறம் ரோமைத் தேடுங்க. ரெட்மியில் போனை அவங்க அக்கவுன்டோடு இணைத்துவிட்டு காத்திருக்கணும். எங்களுக்குத் திரையில் வந்தது 168 மணி நேரம். அதாவது ஏழு நாள்! அந்த ஏழு நாளில் நான் படித்திருக்க வேண்டியதையெல்லாம் படித்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

திறந்தால் போனில் இருக்கும் எல்லாமே அழியும் என்று வைத்துக்கொள்ளுங்க. அது கொடுமைக்காகச் செய்வதில்லை. உங்கள் போனைத் திருடினவன் பூட்லோடரைத் திறந்து உங்கள் போட்டோக்களைப் பார்த்துவிடக் கூடாது, அதுக்குத்தான்.

எனவே உஷாராக, அவன் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் போனுக்குள்ளிருந்த 32 ஜி.பி. மெமரி கார்டுக்கு மாற்றினேன். நோட் 4-ல் ஒரே டிரேயில் ரெண்டாவது சிம் அல்லது கார்டு, ரெண்டில் ஒன்றுதான் போட முடியும். இவன் ரெண்டாவது சிம்மைத் தியாகம் செய்து கார்டு வைத்திருந்தான். அக்கா கல்யாணத்தில் அவனே எடுத்த 640 போட்டோ. கூடவே நாற்பது செகண்டு வீடியோ ஒன்று. பாட்டி அக்காவுக்குத் திருநீறு பூசிவிட்டு ஏதோ காதில் சொல்கிறார். கல்யாணம் முடிந்த அடுத்த தையில் பாட்டி தவறிட்டாங்க. ரோம் ஃபைலையும் அதே கார்டில் போட்டேன்.

இன்னொரு முன்னெச்சரிக்கையையும் சரியாகவே செய்தேன், அதைச் சொல்லிக்கொள்கிறேன். ரோம் எடுக்கும்போது போனின் விற்பனைப் பெயரைப் பார்க்கக் கூடாது, உள்பெயரைப் பார்க்கணும். நம்ம ஊர் நோட் 4-ன் உள்பெயர் 'மிடோ'. சீனாவில் 2016-ல் அதே நோட் 4 என்ற பெயரில் விற்றது மீடியாடெக் பிராசஸர் போட்ட வேறு போன், அது 'நிகல்'. பெயர் ஒன்று, ஜாதகம் வேற. மாற்றிப் போட்டால் கோவிந்தா.

வெள்ளிக்கிழமை ராத்திரி. ரூம்மேட் மெஸ்ஸுக்குப் போய்விட்டான். வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஃபாஸ்ட்பூட் திரை வந்தது. காது மூடின தொப்பி போட்ட ஒரு முயல், ஆண்ட்ராய்டு பொம்மையை ரிப்பேர் செய்யும் படம். செம க்யூட்! லேப்டாப்பில் டிரைவர் பிரச்னை அரை மணி நேரத்தை விழுங்கியது (கேபிளை மாற்றியதும் சரியாச்சு. கேவலமான கேபிளால் கெட்ட ராத்திரிகள் ஏராளம்). பூட்லோடர் திறந்தது. அடுத்து ரெக்கவரி. கம்பெனி ரெக்கவரிக்குப் பதிலாக டி.டபிள்யூ.ஆர்.பி. என்ற ஒன்றை ஏற்றணும். ரோம் போடுவது, பேக்கப் எடுப்பது எல்லாம் இதற்குள்ளேதான். ஏற்றியதும் போனை நார்மலாக ஆன் செய்யாமல் நேராக ரெக்கவரிக்குள் போய்விடணும். இல்லாவிட்டால் பழைய சிஸ்டம் எழுந்து தன் ரெக்கவரியையே திரும்ப எழுதிவிடும்.

உள்ளே போனதும் இ.எஃப்.எஸ். பகுதியை பேக்கப் எடுத்து லேப்டாப்புக்கு மாற்றினேன். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீங்க பாஸ். போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் சிக்னல் சம்பந்தப்பட்ட சமாசாரமும் அதில்தான் இருக்கு. அது போச்சுன்னா போன் வெறும் எம்.பி.3 பிளேயர்.

அடுத்தது 'வைப்'. பழையதைத் துடைக்கணும். 'அட்வான்ஸ்டு' என்று ஒரு பட்டன். அட்வான்ஸ்டு என்று எழுதியிருந்தால் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் கை சும்மா இருக்குமா? தொட்டால் ஒரு பட்டியல். கேஷ், சிஸ்டம், டேட்டா, இன்டர்னல் ஸ்டோரேஜ், மைக்ரோ எஸ்.டி. கார்டு... ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். சுத்தமாகச் செய்வோம் என்று எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தேன். விரலால் ஒரு இழு. முடிஞ்சுது.

'இன்ஸ்டால்' போய் ரோம் ஃபைலைத் தேடினேன். கார்டு காலி. ஒரு செகண்டு எதுவும் புரியலை. அப்புறம் எல்லாம் புரிஞ்சுது. வெளியே வரப் பார்த்தால், 'ஓ.எஸ். எதுவும் இல்லை, நிஜமாகவே ரீபூட் செய்யணுமா?' என்று டி.டபிள்யூ.ஆர்.பி. கேட்டது. அது ஒரு பிரச்னையே இல்லை. கேபிள் வழியாக 'சைடுலோடு' செய்து அரை மணியில் ரோம் போட்டுவிடலாம். என் கண் மெமரி கார்டிலேயே இருந்தது.

அவன் வந்ததும் சொன்னேன். கத்தியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "பாட்டி வீடியோ?" என்று மட்டும் கேட்டான்.

கார்டிலிருந்து கிளறி எடுத்தது

இது உங்களுக்கு நடக்கக் கூடாது, நடந்தால் உடனே கார்டைக் கழற்றுங்க. அதில் ஒரு எழுத்து கூட புதுசாக எழுதக் கூடாது. இப்படித் துடைக்கும்போது பெரும்பாலும் பட்டியல் மட்டும்தான் அழியும், சரக்கு அங்கேயே கிடக்கும். லைப்ரரியில் கேட்லாக் கார்டுகளை மட்டும் எரித்த மாதிரி, புத்தகங்கள் அலமாரியில்தான் இருக்கும். மேலே புதுசாக எழுத எழுதத்தான் நிஜமாகப் போகும்.

'ஃபோட்டோரெக்' என்று ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கு. பட்டியலைப் பற்றிக் கவலையே படாது. கார்டின் முதல் பைட்டிலிருந்து கடைசி வரை நடந்து போய், ஒவ்வொரு வகை ஃபைலின் ஆரம்ப அடையாளத்தையும் தேடும். ஜேபெக் போட்டோ என்றால் அது எப்போதும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்றே தொடங்கும். அதைப் பார்த்ததும் 'இதோ ஒரு போட்டோ' என்று அள்ளிக்கொள்ளும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடியது. 611 போட்டோ கிடைச்சது. பெயர் கிடையாது, வெறும் நம்பர். தாலி கட்டுறதுக்கு அப்புறம் நிச்சயதார்த்தம், அதுக்கு நடுவில் கெமிஸ்ட்ரி லேப் ரெக்கார்டு என்று கலைந்து கிடந்தது. வரிசைப்படுத்த ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு.

வீடியோ ஃபைலும் கிடைத்தது. ஓடலை. பெரிய ஃபைல்கள் கார்டில் ஒரே இடத்தில் இருக்காது, துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். பட்டியல் இல்லாமல் எந்தத் துண்டுக்கு அடுத்து எது என்று ஃபோட்டோரெக்குக்குத் தெரியாது.

நீங்க செய்வதாக இருந்தால், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் காப்பி எடுங்க. அந்தக் காப்பியைத் திறந்து பாருங்க, வீடியோவை ஓட்டியே பாருங்க. அப்புறம் சிம் டிரேயை வெளியே இழுத்து மேஜையில் வெச்சுடுங்க. போனுக்குள் இல்லாத கார்டை யாராலும் அழிக்க முடியாது.

எழுந்த பிறகு

மறுநாள் காலையில் ரோமையும், முதல் தடவை ஆன் செய்வதற்கு முன்னாடியே கூகுள் ஆப்களையும் ஏற்றினோம். முதல் பூட் பத்து நிமிஷம் பிடித்தது. அந்தப் பத்து நிமிஷமும் நாங்க பேசிக்கலை. வந்தது பாருங்க, ஆண்ட்ராய்டு 13! குரோம் புதுசு, மூலச் சான்றிதழ் புதுசு. வேகம் குறையும் என்று பயந்தேன், குறையலை. கம்பெனி திணித்திருந்த விளம்பர ஆப்கள் இல்லாததால் இடமும் மிச்சம்.

ஆனா எல்லாம் ஜோர் என்று சொன்னால் அது புளுகு. முதலில் செக் பண்ண வேண்டியது போன் பேசுவது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்இ இருந்தால்தான் சாதாரண காலே போகும். ரோம் செய்தவர் அதைச் சரியாகத் தைக்காமல் விட்டிருந்தால் நெட் வரும், அம்மாவிடம் பேச முடியாது. இதில் சரியாக இருந்தது. கேமராவில் வெளிச்சம் குறைந்த இடத்தில் கொஞ்சம் மங்கல்.

பெரிய தலைவலி பணம். பேங்க் ஆப்களும் பணம் அனுப்பும் ஆப்களும் போனைத் திறந்ததும், 'இந்த போன் கம்பெனி விட்ட மாதிரியே இருக்கா?' என்று கூகுளிடம் விசாரிக்கலாம். முன்பு சேஃப்டிநெட், இப்போ பிளே இன்டெக்ரிட்டி என்று பெயர். பூட்லோடர் திறந்திருக்கு என்று தெரிந்தால் சில ஆப்கள் கதவைத் திறக்காது. அவன் பேங்க் ஆப் அப்படித்தான் செய்தது. இதை ஏமாற்ற வித்தைகள் இருக்கு. இன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மாதம் செய்யாது. பஸ் டிக்கெட்டுக்கு ஸ்கேன் பண்ணும் நேரத்தில் காலை வாரிவிடும். என் கருத்து, அந்தப் பூனை எலி விளையாட்டில் இறங்காதீங்க. பணம் புழங்குகிற ஒரே போன் இதுதான் என்றால் ரோம் போடவே வேண்டாம். இதை நான் அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி யோசிக்கலை. அவனும் கேட்கலை, நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன் இல்லையா! இப்போது ஏ.டி.எம். கார்டும் கையில் ரொக்கமுமாகச் சமாளிக்கிறான்.

பாதுகாப்பு விஷயத்திலும் ரெண்டு பக்கம் இருக்கு. ஆண்ட்ராய்டின் ஓட்டைகளுக்கான அடைப்புகள் ரோம் வழியாக வரும், அது லாபம். ஆனா மோடம், பிராசஸரின் உள் சாப்ட்வேர் எல்லாம் கம்பெனி மட்டுமே கொடுக்க முடிகிற சரக்கு, அது நின்ற இடத்திலேயே நிற்கும். வாட்ச்மேனையும் நாமே அனுப்பிவிட்டோம். போன் கை மாறினால் எடுத்தவன் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். ரோம் ஃபைலைக் கண்ட இடத்தில் எடுக்காமல் அதைச் செய்தவரின் பக்கத்திலிருந்தே எடுத்து, கூடவே கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ரெண்டு நிமிஷ வேலை.

புது போன்களுக்கு இந்தத் தலைவலி கொஞ்சம் குறையலாம். 2023 அக்டோபரில் பிக்ஸல் 8-க்கு கூகுள் ஏழு வருஷ அப்டேட் தருவதாகச் சொன்னது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் தரணும் என்று சட்டமே வந்தாச்சு. ஆனா நம்ம ஹாஸ்டலில் எத்தனை பேர் கையில் பிக்ஸல் இருக்கு, சொல்லுங்க?

ரூம்மேட் இன்னும் அதே நோட் 4-ஐத்தான் வைத்திருக்கிறான். பக்கத்து ரூமிலிருந்து ரெண்டு பேர் "எனக்கும் போட்டுக் கொடு மச்சான்" என்று போனோடு வந்தார்கள். முதலில் லேப்டாப்பில் காப்பி எடுத்துட்டு வாங்கடா என்று திருப்பி அனுப்பினேன். ஒருத்தன்தான் திரும்பி வந்தான்.

அந்த 32 ஜி.பி. கார்டை மட்டும் நாங்க மறுபடி எந்த போனிலும் போடலை. பேப்பரில் மடிச்சு என் ஜாமெட்ரி பாக்ஸில் வெச்சிருக்கேன். செமஸ்டர் லீவில் சிதறின துண்டுகளைக் கையாலேயே கோத்துப் பார்க்கணும். நாற்பது செகண்டு வீடியோ, எவ்வளவு துண்டு இருந்துடப் போகுது?